அண்ணன் எரித்த சிவப்புப் பூக்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எழுத உட்காருவேன், ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். நான் கல்ஃபில் வேலை பார்க்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அண்ணன் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்கள். அண்ணன் போய், நான் ஊருக்கு வந்த பிறகும் எழுத வரவில்லை. அண்ணனுடைய முதலாமாண்டு நினைவு மலருக்கு நான் ஒரு பக்கமாவது தர வேண்டும் என்று மதினி சொன்னார்கள். எழுத்து பெரிதாக வராதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஓமனிலிருந்து திடீரென்று ஊர் வந்து சேர்ந்த காரணம் பற்றி நம் சொந்தத்தில் இரண்டு கதைகள் உலாவுகின்றன. போதைப்பொருள் கேஸில் மாட்டித் திருப்பி அனுப்பப்பட்டார் என்பது ஒன்று. வெள்ளைக்காரர்களின் பூவை அவர்கள் முகத்துக்கு முன்னாலேயே கொளுத்திய வீரர் என்பது இன்னொன்று. அடக்கத்தன்றும் இரண்டையும் என் காதால் கேட்டேன். இரண்டும் உண்மை இல்லை. நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் உள்ள நம் ஊரில். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பு. அதோடு படிப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு ஓட்டலுக்குத் தட்டுக் கழுவப் போனார்கள். கழுவும் இடத்திலிருந்து அடுப்படிக்கு வந்தது அவர்களாகவே பார்த்துப் படித்த வேலை. அந்தச் சம்பளத்தில் அம்மாவையும் பார்த்து, என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்து, டிரைவிங்கும் கற்றுக்கொடுத்தார்கள். தனக்குக் கல்யாணம் ஆகி, மகள் ஜெனிட்டா பிறந்த பிறகுதான் கல்ஃபுக்குப் போனார்கள். ஓமனில் சோஹார் என்ற ஊரில் லேபர் கேம்ப் சமையல். இரண்டு மூன்று வருடத்தில் எனக்கும் டிரைவர் விசாவுக்குச் சொல்லி அங்கேயே அழைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சட்டைப் பையில் ஜெபமாலை இருக்கும். அங்கே லீவு நாள் வெள்ளிக்கிழமை, அன்றைய பூசையை ஒருநாளும் விட்டதில்லை. சோஹார் கோயிலில்தான் டெக்லன் சாரை முதலில் பார்த்தோம். சார் எங்கள் கம்பெனி இஞ்சினியர், அயர்லாந்துக்காரர். கடைசி பெஞ்சில் எங்களோடுதான் முழங்கால் போடுவார். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, சாருக்குத் தமிழ் தெரியாது. வேலை சைட்டில் எல்லோரும் பேசுகிற ஹிந்தி இருவருக்கும் கொஞ்சம் தெரியும். "பாய், சாய்?" என்று அண்ணன் கேட்பார்கள். "அச்சா பாய், ஜல்தி" என்பார் சார். அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் ஒரு பழக்கம் இருந்தது.

கல்ஃபுக்குப் போகும் யாருக்கும் வீட்டில் முதலில் சொல்லும் புத்தி, மசாலாவில் கசகசா இருக்கக்கூடாது என்பதுதான். நம் ஊரில் குருமாவுக்கு அரைக்கிற சாமான். அங்கே அது போதைப்பொருள் கணக்கு, பிடித்தால் ஜெயில். எங்கள் கேம்பில் ஒருவர் லீவு முடிந்து வரும்போது, அவர் மனைவி ஆசையாகக் கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலத்தால் ஏர்போர்ட்டில் பிடிபட்டார். எத்தனையோ கெஞ்சியும் வெளியே வர மாதக்கணக்கு ஆனது. அதன்பின் கேம்ப் சாப்பாட்டு ஹாலில் கொண்டு வரக்கூடாத சாமான்களின் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் கசகசாவுக்கு எதிரே இங்கிலீஷில் 'பாப்பி' என்று இருந்தது. அண்ணன் அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து மனதில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பயந்து பயந்து கற்ற இங்கிலீஷ் வார்த்தை அது ஒன்றுதான்.

பிறகு அண்ணனை லேபர் கேம்பிலிருந்து ஆபீஸ் ஸ்டாஃப் மெஸ்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே பெரிய சமையல்காரர் நாகர்கோவில் தங்கராசு. வாய் ஓயாத மனிதர். "கசகசா இல்லாத குருமாவுக்கு என்ன பேருண்ணே வைக்க? முந்திரியப் போட்டு மூடி மறைக்கோம். சாப்பிடுதவனும் பாவம், செய்யுதவனும் பாவம்" என்பார்.

அந்த மெஸ்ஸில்தான் அண்ணனுக்கு ரூத் மேடத்தைப் பழக்கம். மேடம் அக்கவுண்ட்ஸில் இருந்தார். அவரும் அயர்லாந்துதான், பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருக்கிற வடக்குப் பக்கம். டெக்லன் சாருக்கும் அவருக்கும் ஒரே ஊர், நடுவில் ஒரு ஆறு, ஒரு பாலம். ஆனால் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள்.

"ஒரே ஊர்க்காரங்க, ஏன் இப்படி மூஞ்சியத் திருப்புதாவ?" என்று அண்ணன் கேட்டார்கள்.

"அவரு ஆர்.சி., அந்தம்மா சி.எஸ்.ஐ. மாதிரி" என்றார் தங்கராசு.

"நம்ம ஊருல ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் சம்பந்தமே பண்ணுதாவளே?"

"இது பூவு சண்டைண்ணே. ஈஸ்டர் வந்தா அவரு வெள்ள லில்லிப் பூவு ஒண்ணு சட்டையில குத்துவாரு. அந்தம்மா அந்தப் பக்கமே வரமாட்டாவ. நவம்பர் வந்தா அந்தம்மா செவப்புப் பூவு குத்துவாவ. இவரு டீ குடிக்கவே வரமாட்டாரு. ரெண்டும் செத்தவங்களுக்குத்தான். அவருது பிரிட்டிஷ்காரன எதுத்துச் செத்தவங்களுக்கு, அந்தம்மாது அவன் பட்டாளத்துல செத்தவங்களுக்கு. யாரு செத்தவங்கங்கதுலதான் சண்டை."

அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. "செத்தவங்களுக்குப் பூவு வைக்கதுல என்னல சண்டை" என்று ரூமுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்கள். எங்களுக்கு நவம்பர் என்றால் கல்லறைத் திருநாள். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கும் அன்று எல்லாக் குழியிலும் பூ வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அண்ணனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் நவம்பரில் என்னை மஸ்கட்டுக்குப் போய் ஆபீஸ் பார்சல்களை எடுத்துவரச் சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. பார்சல்களை மெஸ் ஸ்டோரில் இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கழுவப் போனேன். பார்சல்களில் ஒரு பெட்டியின் மூலை கிழிந்திருந்தது. அண்ணன் அதைச் சுவரோரமாக நகர்த்தும்போது மேலே ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். நோட்டீஸில் கூட்டிப் படித்த அதே எழுத்து.

கிழிந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தால் சிவப்புப் பேப்பர் பூக்கள், நடுவில் கறுப்பு. தங்கராசுவிடம் போய், "பாப்பின்னா என்னதுடே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சாயங்கால டீக்கு பால் காய்ச்சிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "கசகசாண்ணே. அந்தச் செடி செவப்பாத்தான் பூக்கும்" என்று சொல்லிவிட்டார். நவம்பரில் ஆபீஸில் குத்தும் பூவுக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான் என்று தங்கராசுவுக்கும் தெரியாது.

மேலே பேப்பர் பூவை வைத்து அடியில் சரக்கை வைத்து அனுப்பியிருக்கிறான் யாரோ ஒருவன். அண்ணன் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தப் பெட்டியை மஸ்கட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். வழியில் போலீஸ் என் வண்டியைச் சோதித்திருந்தால்? நாளைக்கு விசாரித்தால்? கையெழுத்துப் போட்டு எடுத்தவன் யார் என்றுதானே முதலில் கேட்பான்? அண்ணன் யோசித்து நிற்கவில்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் ஆடு சுடுகிற இரும்பு டிரம் ஒன்று இருந்தது. பெட்டியை அப்படியே அதில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள்.

நான் வண்டி கழுவி வந்தபோது டிரம்மில் சாம்பல்தான் இருந்தது. "ஒனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் எரிச்சாச்சு. ஒரு விதைகூட மிச்சமில்ல" என்றார்கள் அண்ணன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆபீஸில் வருடாவருடம் அந்தப் பூ வரும் என்று எனக்குத் தெரியும். மெஸ்ஸுக்குப் புதிதாக வந்த அண்ணன் அந்தப் பூவைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி, அது பேப்பர் பூ, பெட்டியில் வரும் என்று தெரியாது.

மறுநாள் ஆபீஸில் பெட்டியைத் தேடினார்கள். வந்தது என்று தாள் இருக்கிறது, பெட்டி இல்லை. யாரும் எங்களைக் கேட்கவில்லை. நேராக டெக்லன் சாரைத்தான் சந்தேகப்பட்டார்கள். போன வருடம் பூ குத்த மாட்டேன் என்று மேனேஜரிடம் அவர் வாக்குவாதம் செய்தவர். சார் "நான் எடுக்கவில்லை" என்று ஒரு தடவை சொன்னார். ரூத் மேடம் அவரைப் பார்த்தும் பாராமல் போனார். மஸ்கட் ஆபீஸுக்குச் சொல்லி, விசாரணை முடியும்வரை சார் வேலைக்கு வர வேண்டாம் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவர் எங்களோடு உட்காராமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

"பேசாம இருங்கண்ணே" என்றார் தங்கராசு. "அவரு இஞ்சினியரு. இங்க இல்லன்னா துபாய். நீங்க சொன்னா நாளைக்கே விசா கேன்சல்."

அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "அவரு எடுக்கலன்னு சொல்லியும் நம்பலயேடே" என்றார்கள். அதையே கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொன்னார்கள். பிறகு கையைக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ வா. எனக்கு இங்கிலீஷ் சொல்ல ஆளு வேணும். நான் சொல்லுதத மட்டும் சொல்லு. கூட ஒண்ணும் சேக்கப்படாது. ஒன்னப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சு, நான் ஒனக்கு அண்ணன் இல்ல."

அது அவர்கள் பூக் குத்தி நிற்கும் நாள் காலை, நவம்பர் பதினொன்று. மேனேஜர் ரூமில் ரூத் மேடமும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அண்ணன் ஏப்ரனோடு நின்றார்கள். எரித்தது நான்தான் என்றார்கள். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் ஏன் என்றார்.

"கசகசான்னு நினைச்சுட்டேன்னு சொல்லு."

கசகசாவுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாப்பிதான். "அவர் பாப்பியை பாப்பி என்று நினைத்துவிட்டார் சார்" என்றேன்.

மேனேஜர் என்னையே பார்த்தார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். ரூத் மேடத்துக்குத்தான் முதலில் விளங்கியது. "விதை. ஏர்போர்ட்டில் பிடிப்பார்களே, அந்த விதை" என்றார். ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். இன்னொருவர், செத்தவர்களுடைய பூவை எரித்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபப்பட்டார். அண்ணனுக்கு இரண்டுமே விளங்கவில்லை. என்னைப் பார்த்து, "இஞ்சினியர் சார் எடுக்கலன்னு விளங்கிட்டான்னு கேளு" என்றார்கள். விளங்கியது என்றார் மேனேஜர்.

போன் போட்டு டெக்லன் சாரை வரச் சொன்னார்கள். பதினோரு மணிக்குப் பட்டாளத்தில் செத்தவர்களை நினைத்து எல்லோரும் ஹாலில் மௌனமாக நிற்பது வழக்கம். வழக்கமாக அந்த நேரம் சார் சைட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு வந்தார். கதவுப் பக்கம் நின்றார். யார் சட்டையிலும் பூ இல்லை, எரித்தாகிவிட்டதே. குத்தியவர், குத்தாதவர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ரூத் மேடத்திடம் மட்டும் அவர் அப்பாவுடைய பழைய தகரப் பூ ஒன்று இருந்தது, வருடாவருடம் அதைத்தான் குத்துவார். அன்று அதைக் கழற்றி உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார். அண்ணனும் நானும் அடுப்படி வாசலில் நின்றோம். அண்ணன் ஜெபமாலையைப் பிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு டெக்லன் சார் அடுப்படிக்கு வந்தார். அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். சார் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அவர் தாத்தாவின் தம்பி பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, முதல் உலகப் போரில் ஈராக்கில் பஸ்ரா பக்கம் செத்துப்போனார். அதே பட்டாளம் பின்னால் சாருடைய தெருவுக்குள் வந்தது. அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையனை அந்தப் பட்டாளத்துக்காரர்கள் சுட்டார்கள். அதிலிருந்து வீட்டில் அந்தத் தாத்தா படத்தைக் கழற்றி உள்ளறையில் வைத்துவிட்டார்கள். பூக் குத்தினால் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் தெரிகிறது, குத்தாவிட்டால் உள்ளறைப் படம் தெரிகிறது என்றார். ரூத் மேடத்தின் அப்பா அந்தப் பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வந்தவரை வீட்டு வாசலில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றது சாருடைய பக்கத்தைச் சேர்ந்த ஆட்கள். இதையும் சார்தான் சொன்னார்.

"நான் எரிச்சது பாவமான்னு கேளு" என்றார்கள் அண்ணன்.

"என்னைக் கேட்காதே பாய். ரூத்தைக் கேள்" என்றார் சார்.

அண்ணன் டீயை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார்கள். மேடம் டீயை வாங்கிக்கொண்டு, "பேப்பர்தானே. அடுத்த வருடமும் வரும்" என்றார். இன்னொரு கையில் அந்தத் தகரப் பூ இன்னும் மூடியிருந்தது. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மேனேஜர் அதோடு விட்டிருப்பார். ஆனால் மெஸ் நடத்தியது வேறொரு காண்ட்ராக்டர். ஸ்டோரில் இருந்த பார்சலை எரித்த ஆள் எனக்கு வேண்டாம் என்று அண்ணனுடைய விசாவைக் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு டெக்லன் சாரும் ரூத் மேடமும் அண்ணனுக்காகப் பேச அவருடைய ஆபீஸுக்குப் போனார்கள். வண்டி ஓட்டியவன் நான். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றியது அன்றுதான். சார் முன்னால், மேடம் பின்னால். பாதி வழியில் மேடம்தான் முதலில் பேசினார்.

"அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்களா?" என்று மேடம் கேட்டார்.

"பச்சை அடித்திருக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது" என்றார் சார்.

மேடம் சிரித்தார். எனக்குக் கேட்ட பேச்சு அவ்வளவுதான். காண்ட்ராக்டர் இருவருக்கும் காவா என்கிற அரபிக் காப்பி கொடுத்து மரியாதையாகப் பேசினார். கடைசியில், கலாஸ், முடிந்தது என்றார். டிக்கெட் போட்டாகிவிட்டது.

ஏர்போர்ட்டில் அண்ணன் என்னிடம் மறுபடியும் வாக்கு வாங்கினார்கள். "பார்சலக் கொண்டாந்தது நீன்னு யாரும் நோண்டப்படாது. நீ இங்க வேல பாக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. ஊருல நான் பாத்துக்கிடுதேன்."

"மதினிகிட்ட என்ன சொல்ல?"

"காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டுன்னு சொல்லு. பொய்யில்ல."

ஊரில் அண்ணனால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. கேம்பிலிருந்து யாரோ வீட்டுக்கு போனில், "பாப்பி விஷயத்துல அனுப்பிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பாப்பி என்றால் கசகசா, கசகசா என்றால் போதைப்பொருள். ஒரு வாரத்தில் அது கேஸாகிவிட்டது. ஜெனிட்டாவுக்குப் பேசி முடித்திருந்த இடம், வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. நான் போனில் அழுதேன். உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "சொன்னா ஒன் பேரும் வரும். பிள்ளைக்கு வேற இடம் வரும்" என்றார்கள். வந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் அண்ணன் கூட்டத்தில் உட்காருவது குறைந்துவிட்டது. கோயில் திருவிழா அசன விருந்துக்குச் சமைக்க யாரும் கூப்பிடவில்லை. பூசைக்கு மட்டும் தவறாமல் போய் வந்தார்கள்.

கல்லறைத் திருநாளில் அப்பா, அம்மா குழிக்குப் பிறகு, சுவரோரம் பெயர் இல்லாத ஒரு பழைய குழியில் அண்ணன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சிவப்புச் செம்பருத்தி ஒன்று வைப்பார்கள். யாருக்கு என்று மதினி கேட்டால், "வெளியூர்க்காரங்களுக்கு" என்பார்கள்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு, அண்ணன் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எனக்கு லீவு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடியோவில் அடக்கத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. மண் போடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. யாரோ போனைப் பிடித்துக்கொண்டே மேலே நான் எழுதிய இரண்டு கதைகளையும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் டூட்டிக்குப் போனேன். வண்டி ஓட்டினேன். அதற்கடுத்த நாளும் போனேன். இப்போது வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். இன்னும் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அண்ணனுடைய கடைசி நாட்களில் கூட இருந்த மதினிக்கும் ஜெனிட்டாவுக்கும் மருமகனுக்கும், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த எங்கள் தெரு அன்பியக் குழுவினருக்கும், சோஹாரில் அண்ணனுக்காகப் பூசை வைத்த தங்கராசுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்போது அயர்லாந்தில் இருக்கும் டெக்லன் சார் போன் பண்ணினார். "பாய், சாய்?" என்று அண்ணன் கேட்பதுபோலவே சொல்லிக் காட்டினார். ரூத் மேடமும் அவருடைய கோயிலில் அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னதாக டெக்லன் சார்தான் சொன்னார். இருவருக்கும் நன்றி. ஆண்டவர் அவர்களுடைய செத்தவர்களுக்கும் நம்முடைய செத்தவர்களுக்கும் இளைப்பாற்றி தரட்டும்.

இந்த மலரை வாங்கிப் படிக்கிற சொந்தங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் எந்தக் கேஸிலும் மாட்டவில்லை. அண்ணன் யாரையும் எதிர்த்துப் பூவை எரிக்கவும் இல்லை. தம்பி மாட்டிக்கொள்வானோ என்று பயந்து எரித்தார்கள். வேறொருவர் மேல் பழி விழுந்தபோது போய் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மேனேஜர் ரூமில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அண்ணன் பயந்தது பெட்டியைக் கொண்டுவந்த எனக்காகத்தான் என்பது. அதை இப்போது சேர்த்துவிட்டேன். இனிமேல் இதை யாரிடம் சொன்னாலும், அண்ணன் அன்று என்னிடம் சொன்னதுபோல, இருக்கிறதை மட்டும் சொல்லுங்கள். கூட ஒன்றும் சேர்க்க வேண்டாம்.